கணக்குப் படிக்கிற பிள்ளைகளை செக்யூரிட்டிக்குள் விடுங்கள்

டெல்டாவில் பஸ் போகிற ரோடெல்லாம் இப்போது சைபர் செக்யூரிட்டி போர்டுதான். பி.இ., பி.எஸ்சி., ஆறு மாத சர்டிபிகேட் கோர்ஸ் என்று எது வேண்டுமானாலும் கிடைக்கிறது. போன மாதம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ஒரு கருத்தரங்கு. மண்டபம் நிறையப் பிள்ளைகள், பாதிப்பேர் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். பேச வந்தவர், "இந்த ஃபீல்டுக்குக் கணக்கெல்லாம் வேண்டியதில்லை, டூல்ஸ் தெரிந்தால் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கைதட்டல் வேறு. வயிறு எரிந்தது. ராமானுஜன் வளர்ந்த கும்பகோணத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் நின்றுகொண்டு இப்படிப் பேசுகிறார்கள்.

டூல்ஸ் கற்றுக்கொண்டு வேலைக்குப் போவதை நான் குறை சொல்லவில்லை. சர்வர் லாகைப் பார்க்கவும் ஓட்டையைத் தேடவும் ஆள் வேண்டும், அது மரியாதையான சம்பளம் தருகிற வேலை. ஆனால் தகவலை மற்றவர் படிக்க முடியாமல் பூட்டுகிற அந்தப் பூட்டைச் செய்கிறவர்கள் வேறு. அல்காரிதம் யோசிக்கிறவர்கள், ஒரு கணக்கு ஏன் கஷ்டம் என்று வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள். அப்படி ஒரு வேலை இருக்கிறது, அதில் போய் ஒரு முழு ஆயுளைக் கழிக்கலாம் என்பதையே நம் பிள்ளைகளிடம் யாரும் சொல்வதில்லை. என் கோபம் அதில்தான்.

நான் கணக்கு வாத்தியார். பி.எஸ்சி. இரண்டாம் வருடத்துக்கு எண் கோட்பாடு எடுக்கிறேன். நன்னிலம் பக்கத்திலிருந்து வருகிற ஒரு மாணவியை அழைத்து 7ஐ எதால் பெருக்கி 40ஆல் வகுத்தால் மீதி 1 வரும் என்று கேட்டேன். யூக்ளிட் முறையைக் கீழிருந்து மேலாக எழுதி 23 என்றாள். சரி, இப்போது 5ஐயும் 11ஐயும் பெருக்கி 55 என்று வைத்துக்கொள், 2ஐ ஏழு தடவை பெருக்கி 55ஆல் வகுத்து மீதி சொல் என்றேன். 18. அந்த 18ஐ இருபத்து மூன்று தடவை பெருக்கி அதேபோல் மீதி பார் என்றேன். போர்டு முழுக்க எழுதி, அழித்து, மறுபடி எழுதி, கடைசியில் 2 வந்து நின்றபோது அந்தப் பெண் சாக்பீஸோடு அப்படியே திரும்பிப் பார்த்தாள். "அப்போ 55ஐ எல்லாருக்கும் சொல்லிடலாம், 23ஐ மட்டும் ஒளிச்சு வச்சா போதுமா சார்?" அதேதான். 2 நாம் அனுப்புகிற ரகசியம், 18 அதைப் பூட்டிய வடிவம், 23 திறக்கிற சாவி. முதலில் கேட்ட 40 வந்தது (5-1)×(11-1) என்பதிலிருந்து, ஆகவே 55ஐ 5, 11 என்று பிரிக்கத் தெரிந்தவருக்குச் சாவியும் கிடைத்துவிடும். 5, 11க்குப் பதில் முந்நூறு இலக்கத்துக்கு மேல் நீளும் இரண்டு பகா எண்களைப் போட்டுக்கொண்டால் அதுதான் 1977இல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடல்மன் மூவரும் கொண்டுவந்த ஆர்எஸ்ஏ பூட்டு. நம் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் அரைப் பக்கம் இருக்கிறது. பரீட்சைக்குக் கேட்க மாட்டார்கள் என்று பலர் தாண்டிவிடுகிறார்கள்.

இன்னொரு சங்கதி, இந்தப் பகா எண்களைப் பற்றியது. 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐஐடியிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. ஒரு எண் பகா எண்ணா இல்லையா என்பதை, குருட்டாம்போக்கான தேர்வு எதுவும் இல்லாமல், எந்த ஊகத்தையும் நம்பாமல், இலக்கங்களின் எண்ணிக்கையைப் பொறுத்து நியாயமான நேரத்தில் சொல்லிவிடலாம் என்று அதில் நிரூபித்திருந்தார்கள். எழுதியவர்கள் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா. பின்னவர்கள் இருவரும் அந்த வருடம்தான் பி.டெக். முடித்திருந்தார்கள். 2006இல் கணினி அறிவியல் கோட்பாட்டுக்கான கோடல் பரிசு கிடைத்தது. நடைமுறையில் நம் போனும் கணினியும் இன்றைக்கும் பழைய மில்லர்-ராபின் சோதனையைத்தான் ஓட்டுகின்றன, அது வேகமானது. அதனால் இந்தக் கண்டுபிடிப்பு வீண் என்று நினைத்தால் நாம் இந்த வேலையைப் புரிந்துகொள்ளவே இல்லை என்று அர்த்தம்.

இப்போது கும்பகோணத்துக்கு வருகிறேன். சாரங்கபாணி சன்னதித் தெருவில் ராமானுஜன் வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஒரு போட்டோ எடுத்துப் போடுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். அவர் பெயரில் ஒரு வலைப்பின்னல் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1988இல் லுபோட்ஸ்கி, பிலிப்ஸ், சார்நாக் மூவரும் எழுதிய கட்டுரையின் தலைப்பே 'ராமானுஜன் கிராஃப்கள்'. ஒவ்வொரு முனையிலிருந்தும் சில வழிகள்தான் பிரியும், ஆனாலும் கொஞ்சம் திருப்பங்களிலேயே எங்கே வேண்டுமானாலும் போய்ச் சேர்ந்துவிடலாம். கும்பகோணத்துச் சந்துகளில் புதிதாக வந்தவர் நாலு திருப்பம் திரும்பினால் எங்கிருந்து வந்தோம் என்று தெரியாமல் நிற்பாரே, அந்த மாதிரி. அது அவ்வளவு சீக்கிரம் கலந்துவிடும் என்பதற்கான நிரூபணம் ராமானுஜன் 1916இல் எழுதிய ஊகத்திலிருந்து கிளைத்த கணிதத்தில் நிற்கிறது, அதனால்தான் அவர் பெயர். வழி தெரியாமல் போவது பூட்டுச் செய்கிறவர்களுக்கு வரம். 2006இல் சார்ல்ஸ், கோரன், லாட்டர் என்ற மூவர் இத்தகைய கிராஃப்களில் நடந்து போவதையே ஒரு ஹாஷ் ஆக்கினார்கள், அதாவது எந்தத் தகவலையும் திரும்பக் கண்டுபிடிக்க முடியாத ஒரு சின்ன முத்திரையாகச் சுருக்கும் முறை. அப்புறம் 2011இல் ஜாவும் டி ஃபியோவும் எலிப்டிக் வளைவுகள் என்ற ஒருவகைச் சமன்பாட்டு வளைவுகளை இணைக்கிற அதே வகைக் கிராஃபை வைத்துச் சாவி பரிமாறும் முறை ஒன்றை உருவாக்கினார்கள். குவாண்டம் கணினி வந்தால் ஆர்எஸ்ஏ உடைந்துவிடும் என்று பீட்டர் ஷோர் 1994லேயே காட்டிவிட்டதால், அதற்கு மாற்றுத் தேடி அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் நடத்திய தேர்வில் இந்த முறை, சைக் என்ற பெயரில், 2022 ஜூலையில் நான்காவது சுற்று வரைக்கும் வந்துவிட்டது.

அதே மாதக் கடைசியில் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காஸ்ட்ரிக்கும் டெக்ருவும் அதை உடைத்தார்கள். சூப்பர் கம்ப்யூட்டர் எல்லாம் இல்லை, சாதாரணக் கணினியின் ஒரே ஒரு கோர், சுமார் ஒரு மணி நேரம். பதினோரு வருட உழைப்பு. உடைக்க உதவியது எர்ன்ஸ்ட் கானி என்ற கணிதவியலாளர் 1997இல் கிரிப்டோகிராஃபி என்கிற இந்தப் பூட்டுக் கலையைப் பற்றிய நினைப்பே இல்லாமல் எழுதிய ஒரு தேற்றம்.

கணக்கு வேண்டியதில்லை என்று சொன்னவரிடம் இதைத்தான் சொல்ல ஆசைப்பட்டேன். இத்தனை வருடம் அத்தனை பேர் முட்டிப் பார்த்தும் அசையாத ஒன்று விழுந்தது, ஒரு பழைய தேற்றத்தை ஒழுங்காகப் படித்திருந்த இரண்டு பேரால். தோற்றவர்களும் துறையை விட்டு ஓடவில்லை. சைக் முறையில் சாவி பரிமாறும்போது வெளியே விட்ட கூடுதல் தகவல்தான் அந்தத் தாக்குதலுக்கு வழிவிட்டது, 2006இன் பழைய ஹாஷில் அது கிடையாது, அதனால் ஹாஷ் தப்பித்தது. உடைக்கப் பயன்பட்ட அதே கணிதத்தை வைத்தே இன்றைக்கு டிஜிட்டல் கையொப்ப முறைகளை மேம்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். தன் வேலையை இன்னொருவர் உடைத்தால் அவர் கட்டுரையை முதல் ஆளாக உட்கார்ந்து படிக்கிற மனம் வேண்டும். எனக்குத் தெரிந்து இவ்வளவு நேர்மையான தொழில்கள் குறைவு.

நம் பக்கத்திலும் இந்தப் பாதையில் நடந்தவர்கள் இருக்கிறார்கள். சென்னை ஐஐடியில் பேராசிரியராக இருந்த பாண்டுரங்கன் கிராஃப் அல்காரிதங்களில் தொடங்கி கிரிப்டோகிராஃபிக்கு வந்தவர், ஏராளமான மாணவர்களை உருவாக்கியவர். அவர் பெயரை நம் கல்லூரிகளில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்?

பெற்றோரின் பயம் எனக்குப் புரிகிறது. குறுவை காலை வாரிவிட்ட வருடத்தில் ஃபீஸ் கட்டியவரிடம் போய், பையன் இன்னும் ஆறேழு வருடம் படிக்கட்டும் என்றால் அவர் என்ன செய்வார். அதனால் காசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைத் தகுதியோடு பிஹெச்.டி. சேர்ந்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, வீட்டு வாடகைப் படி தனி. ராமானுஜன் மற்ற பாடங்களில் தவறி, கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்த காலம் இல்லை இது.

பிளஸ் டூ படிக்கிற பிள்ளைக்குக் கணக்கில் உண்மையான பிடிப்பு இருந்தால் சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் நிறுவனத்தின் நுழைவுத்தேர்வை எழுதச் சொல்லுங்கள், அங்கே கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த இளங்கலை இருக்கிறது. பழைய வினாத்தாள்கள் அவர்கள் தளத்திலேயே கிடைக்கும். டிகிரி முடித்தவர்கள் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தையும், கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் கிரிப்டாலஜிக்கென்றே இருக்கும் எம்.டெக். படிப்பையும் பாருங்கள். தயாராவதற்கு என்னாலான உதவி செய்கிறேன். திருவாரூர், மயிலாடுதுறை, தஞ்சாவூர் பக்கம் இருப்பவர்கள் மெசஞ்சரில் எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்காரலாம், ஒரு பைசா வேண்டாம். நன்னிலத்துப் பெண் ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டாள்.