சொல்லிக் கொடுத்தீர்களா, சார்?

சமூக ஊடகத்தில் சுற்றும் அந்தப் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எந்தக் கல்லூரி, யார் எடுத்தது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதை ஆளாளுக்குப் பகிர்ந்தாகிவிட்டது. இறுதியாண்டு பி.ஏ. மாணவர் ஒருவரின் ஆய்வேட்டில் இரண்டு பக்கம். ஒற்றுப்பிழைகளுக்குச் சிவப்பு வட்டம். "இவ்வாறு விக்கிப்பீடியா கூறுகிறது" என்ற வரிக்கு இரட்டை வட்டம். கீழே கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மைகள். சிரித்தவர்களில் பலர் பேராசிரியர்கள். (படத்துக்கு மேலே அதைப் போட்டவர் எழுதிய நான்கு வரியிலும் ஒற்றுப்பிழை உண்டு. நான் வட்டம் போடவில்லை.)

எனக்கு ஒரே கேள்விதான். எழுத அந்தப் பிள்ளைக்கு யாராவது சொல்லிக் கொடுத்தீர்களா?

"ஆய்வியல் நெறிமுறைகள் என்று ஒரு தாளே இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது. கருதுகோளின், அதாவது ஆய்வில் சோதித்துப் பார்க்க முன்வைக்கும் ஊகத்தின், வகைகள் யாவை என்று கேட்பார்கள். பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதித் தேறிவிடுவார்கள். சொந்தமாக ஒரு கருதுகோள்கூட உருவாக்கியிருக்க மாட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினால் முழு மதிப்பெண். கல்லூரி கடைசி செமஸ்டரில் அதையே செய்தால் திருட்டு. விதி மாறியதை நடுவில் யாரும் அவர்களிடம் சொல்வதில்லை.

எங்கள் வரலாற்றுத் துறையில் சின்னாளபட்டிப் பெண் ஒருத்தி "தமிழக நெசவுத் தொழில்: ஒரு பார்வை" என்று தலைப்பு கொண்டுவந்தாள். சங்க காலம் தொடங்கி இன்றுவரை, நாற்பது பக்கத்தில்! அவள் அம்மா தறி நெய்கிறவர். 1985-ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தைப் பற்றிப் படிக்கக் கொடுத்தேன். இப்போது 11 வகைத் துணிகள் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டிருக்கின்றன, சில வகைச் சேலைகளும் அதில் அடக்கம். மறுநாள் வந்து கேட்டாள்: "அப்புறம் எப்படி மேம் எங்க பக்கத்துத் தெருவுல விசைத்தறியில சேலை ஓடுது?"

அதுதான் ஆய்வுக் கேள்வி. சங்க காலம் போயே போச்சு.

முதல் வரைவில் "நெசவாளர்கள் பெரிதும் பாதிக்கப்பட்டுள்ளனர்" என்று எழுதியிருந்தாள். யார் சொன்னது என்றேன். "எல்லாரும் சொல்றாங்க மேம்." எல்லாரும் என்றால் யார்? முகம் சுருங்கிவிட்டது. போய் விசாரித்துவிட்டு வந்தாள். அந்த ஒரு வரி, எந்தத் தெருவில் எப்போது எத்தனை தறி நின்றது, சொன்னவர் யார் என்ற அடிக்குறிப்போடு ஒரு பத்தியானது. அதிலும் ஒற்றுப்பிழை இருந்தது. இருக்கட்டுமே. அதைத் திருத்த பத்து நிமிடம் போதும்.

"இப்படி ஒவ்வொருவரோடும் உட்கார நேரம் ஏது?" என்று கேட்பவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை. நியாயமான கேள்வி. அரசுக் கல்லூரிகளில் பாதிச் சுமையைத் தூக்குவது கௌரவ விரிவுரையாளர்கள். 2024-இல் அவர்கள் வாங்கியது மாதம் 25,000 ரூபாய். யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, சொன்ன உச்சவரம்பு 50,000. ஆனால் ஒன்று கவனியுங்கள், படம் போட்டுச் சிரிப்பது அவர்கள் இல்லை.

"எல்லாம் சாட்ஜிபிடி எழுதித் தருகிறது, எதற்குக் கற்பிக்க வேண்டும்?" சரி சார், வகுப்பையும் அதையே எடுக்கச் சொல்லுங்கள்.

"காப்பியடிக்கிறார்களே?" அடிக்கிறார்கள். யுஜிசியின் 2018 விதிமுறைப்படி பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒப்புமை இருந்தால் தண்டனை இல்லை. அந்த எண் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். மேற்கோள் குறி போட்டு, எடுத்த இடத்தைச் சொன்னால் அது கணக்கிலேயே வராது என்பது தெரியாது. கல்லூரி வாசல் டிடிபி கடைக்காரர், சொற்களை மாற்றிப் போட்டு சதவீதம் குறைத்து, ஸ்பைரல் பைண்டிங்கும் சேர்த்துத் தருகிறார். நாம் விட்ட இடத்தில் அவர் கடை போட்டிருக்கிறார்.

முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் நடுவே இருந்த எம்.ஃபில். ஆய்வுப் பட்டத்தை நான் படித்தபோது என் நெறியாளர் தந்த ஒரே பயிற்சி, "அலமாரியில பழைய ஆய்வேடு இருக்கும்மா, பாத்து எழுது" என்பதுதான். முதல் இயலைக் கொடுத்தபோது ஆறு மாதம் திறக்கவில்லை. திறந்த அன்று, "உங்க வீட்ல யாராவது படிச்சிருக்காங்களா?" என்று கேட்டார். என் எழுத்தைப் பற்றி அவர் சொன்ன ஒரே கருத்து அது. இப்போது அந்த எம்.ஃபில்லும் இல்லை, 2022-இல் யுஜிசி நிறுத்திவிட்டது. தட்டுத் தடுமாறியாவது எழுதிப் பழக ஒரு படி இருந்தது, அதுவும் போயிற்று. இளங்கலையில் கற்றுத் தராவிட்டால் வேறு எங்கே? முதுகலையில் வந்து, "இளங்கலையிலேயே தெரிந்திருக்க வேண்டாமா" என்பீர்கள்.

"தமிழ்வழிப் பிள்ளைகள் இவ்வளவுதான்" என்று ஒருவர் பின்னூட்டம் போட்டிருக்கிறார். தமிழ்வழிதான் சார். நானும்தான். எங்கள் வீடுகளில் ஆய்வேடு எழுதியவர்கள் கிடையாது, அதனால்தான் வகுப்பை நம்பி வருகிறோம். வந்த இடத்தில் சிவப்பு வட்டமும் சிரிப்பும்.

நான் செய்வது பெரிய வித்தை இல்லை. ஒரு பத்தியைப் படிக்கவைத்து, தாளை மூடச் சொல்லி, சொந்தச் சொல்லில் எழுதச் சொல்வேன். பிறகு எந்த வரி புத்தகத்தினுடையது, எந்த வரி தன்னுடையது என்று அவர்களையே அடிக்கோடிடச் சொல்வேன். இரண்டாம் ஆண்டிலேயே தொடங்கினால் போதும். அந்தப் பயிற்சித்தாள்கள் வேண்டுபவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள். சிரித்தவர்கள் கேட்டாலும் அனுப்புவேன்.