ஆறு மாதம் தாண்டினால் கை வராதா? சுற்றிவரும் செய்தி தவறு

“பக்கவாதம் வந்து ஆறு மாதத்துக்குள் கை கால் வராவிட்டால் இனி வராது, பிசியோதெரபி வீண் செலவு” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இதில் பாதி உண்மைகூட இல்லை.

முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். பிறகு வேகம் குறையும், நின்றுவிடாது. 2006இல் வெளியான எக்சைட் ஆய்வில் பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேர் இருந்தார்கள். பயிற்சிக் குழுவினர் இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி, நல்ல கையில் உறை மாட்டிக்கொண்டு பாதித்த கையாலேயே வேலை செய்தார்கள். அந்தக் கையின் பயன்பாடு கூடியது. மணிக்கட்டும் விரல்களும் சிறிதாவது தானே விரிகிறவர்களுக்குத்தான் இந்த முறை பொருந்தும்.

பயிற்சியை நிறுத்தினால் என்ன ஆகும்? தசை இறுகி, விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொள்ளலாம். அப்படி மடங்கினால் நகம் வெட்டுவதும் உள்ளங்கையைக் கழுவுவதுமே பாடாகிவிடும்.

அதே செய்தி “கப்பியில் கயிறு போட்டு கையை மேலே இழுங்கள்” என்றும் சொல்கிறது. தளர்ந்த தோளுக்கு அது வலியைத்தான் கொடுக்கும். அமெரிக்க ஹார்ட் அசோசியேஷனின் 2016 மறுவாழ்வு வழிகாட்டுதலே கப்பிப் பயிற்சி வேண்டாம் என்கிறது. இணையத்தில் யாரும் பார்க்கலாம். எழுப்பி உட்கார வைக்கும்போதும் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் தாங்குங்கள்.

ஆர்வம் இல்லாமல் படுத்தே கிடப்பவரைச் சோம்பேறி என்று திட்ட வேண்டாம். பிழைத்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, அதற்குச் சிகிச்சை உண்டு.

இந்தச் செய்தி வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இதைக் காட்டுங்கள்.