முதுகில் நீர் எடுத்தால் கால் விளங்காமல் போகுமா?

"மூளைக்காய்ச்சல் என்று சொல்லி முதுகில் ஊசி குத்தி நீர் எடுக்க வந்தால் சம்மதிக்காதீர்கள், இரண்டு காலும் விளங்காமல் போகும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. அது தவறு. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீரில் சிறிது எடுத்து, மூளைக்காய்ச்சலா என்று கண்டறியும் சோதனை இது.

பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புப் பகுதியின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்போடு முடிந்துவிடுகிறது. ஊசி இறங்குவது அதற்கும் கீழே, மூன்றாம் நான்காம் எலும்புகளுக்கு நடுவிலோ, நான்காம் ஐந்தாம் எலும்புகளுக்கு நடுவிலோ. அங்கே இருப்பவை நீரில் மிதக்கும் நரம்பிழைகள். ஊசி முனை பட்டால் பெரும்பாலும் விலகிக்கொள்ளும். சில நேரம் காலில் சுரீரென்று ஒரு மின்னல் ஓடும். வதந்திக்கு அதுதான் விதையோ என்னவோ! எடுக்கும் சில மில்லிலிட்டர் நீரும் ஈடாகிவிடும்; உடல் நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லிலிட்டர் சுரக்கிறது.

இரண்டு மூன்று முறை குத்த நேர்வது உண்டு. உடல் பருமன், தேய்ந்த முதுகெலும்பு, அசையும் குழந்தை எனக் காரணங்கள் பல. முழங்காலை வயிற்றோடு மடக்கி, முதுகை நன்றாக வளைத்துப் படுத்தால் எலும்புகளின் இடைவெளி விரியும்.

நீர் எடுத்த பிறகு தலைவலி வரலாம், அது உண்மை. மழுங்கிய முனை ஊசிகளில் அது குறைவு என்று 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு காட்டியது. நாள் முழுக்க மல்லாந்து கிடப்பது அதைத் தடுப்பதில்லை என்பதை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பில் பார்க்கலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மட்டும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பாக்டீரியா மூளைக்காய்ச்சலில் சில மணி நேரத் தாமதமே உயிரைப் பறிக்கலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் யாருக்கும் அனுப்பாமல் அழித்துவிடுங்கள்.