சானல் கரையில் ஹாரன் அடிக்காதீர்கள்

அந்த வீடியோவை இதற்குள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நம்ம பக்கத்து வாட்ஸ்அப் குரூப் ஒன்றுகூட அதை விட்டுவைக்கவில்லை. அதனால் நடந்ததை விரிவாகச் சொல்லப் போவதில்லை: நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளை சானல் (பாசனக் கால்வாய்) கரையில் புல்லுக்கட்டோடு சைக்கிளில் போன வயசான பாட்டா ஒருவர், பின்னால் வந்த கார் விடாமல் ஹாரன் அடித்ததில் சானலுக்குள் விழுந்தார். கேட்டவர்களுக்காக மட்டும்: பாட்டாவுக்குத் தோள்பட்டையில்தான் அடி, எலும்பு முறியவில்லை, வீட்டுக்கு வந்துவிட்டார். சைக்கிளைப் பையன்கள் அன்றைக்கே சானலிலிருந்து தூக்கிவிட்டார்கள். புல்லுக்கட்டு தண்ணீரோடு போய்விட்டது.

வீடியோவைவிட அதற்குக் கீழே எழுதியிருந்தவைதான் எனக்குத் தாங்கவில்லை. "ஹாரன் அடிச்சாச்சுல்லா, ஒதுங்க வேண்டியதுதானே?" "கார் வாற ரோட்டுல பாட்டாவுக்கு என்ன வேலை?" "இந்த வயசுல சைக்கிள் தேவையா?" கூடவே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

ஒதுங்கு என்கிறீர்களே, எங்கே ஒதுங்குவது? தோவாளை சானல் கரையில் ஒரு கார் ஏறினால் கரை நிறைந்துவிடும். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், அதுவும் ஆள் உயரப் பள்ளம். புல்லுக்கட்டு ஏற்றின சைக்கிளை ஒரு தடவையாவது ஓட்டிப் பாருங்கள். கேரியரில் பாரம் ஏறினதும் முன்சக்கரம் லேசாகிவிடும், ஹேண்டில் கையில் நிற்காது, மெதுவாகப் போகும்போது அதை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே இருந்தால்தான் சாயாமல் போகலாம். மெதுவாகப் போகிற சைக்கிளுக்குத்தான் அகலம் கூடுதலாக வேண்டும், இது கார்க்காரர்களுக்குப் புரிவதே இல்லை. சரி, இறங்கிவிடலாம் என்றால் பின்னால் கட்டு இருக்கிறது. காலைப் பின்பக்கமாக வீச முடியாது, முன்னால் பாருக்கு மேலே தூக்கித்தான் எடுக்க வேண்டும். எழுபது தாண்டின மனுஷருக்கு அது சட்டென்று வருமா? அந்த நேரம் பார்த்து முதுகுக்குப் பின்னால் ஹாரன், அதுவும் கையை எடுக்காத ஹாரன். திரும்பிப் பார்க்காமல் யாராலும் இருக்க முடியாது. தலை எந்தப் பக்கம் திரும்புகிறதோ ஹேண்டிலும் அந்தப் பக்கம் போகும். அவர் வலது பக்கம் திரும்பினார். வலது பக்கம் சானல்.

இதில் பாட்டாவின் தப்பு எது?

சானல் கரையில் ஹாரன் அடிக்காதீர்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். முன்னால் சைக்கிள் போனால், ஒரு பாலமோ அகலமான இடமோ வருகிறவரை பின்னாலேயே பொறுமையாக வாருங்கள். ரெண்டு நிமிஷம் ஆகும். அந்த ரெண்டு நிமிஷம் இல்லாதவர்கள் கரைக்கு வர வேண்டாம்.

இந்தக் கரை எதற்காக உண்டானது என்றாவது யோசித்திருக்கிறோமா? பேச்சிப்பாறை அணை வேலை 1897-ல் தொடங்கி 1906-ல் முடிந்தது. கட்டின எஞ்சினியர் மிஞ்சினுடைய கல்லறை இன்றைக்கும் அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கேயிருந்தும் பெருஞ்சாணி அணையிலிருந்தும் விடுகிற தண்ணீர்தான் தோவாளை சானல், அனந்தனார் சானல், புத்தனார் சானல், பட்டணங்கால் என்று பிரிந்து 79 ஆயிரம் ஏக்கருக்குப் போகிறது. கன்னிப்பூ, கும்பப்பூ என்கிற ரெண்டு போக நெல்லும் அதை நம்பித்தான். கரை என்பது அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் நடக்கிற இடம். மடையைத் திறக்க, உடைப்பு இருக்கிறதா என்று பார்க்க, மண்வெட்டியோடு வயலுக்குப் போக. அந்த மண்வெட்டியைக் கேரியரில் வைத்துக்கொண்டு சைக்கிளில் போனார்கள். தார் போட்டது எல்லாம் பின்னால். தார் போட்டதும் கார் வந்துவிட்டது, கார் வந்ததும் கரை காருக்காகத்தான் உண்டானது என்று ஆகிவிட்டது. மாத்தூர் தொட்டிப்பாலத்தில் 115 அடி உயரத்தில் தண்ணீர் போகிறது என்று சொந்தக்காரர் வந்தால் கூட்டிப் போய்க் காட்டுகிறோம், நம்ம வீட்டுக்குப் பின்னால் போகிற சானலின் கரையில் ஒரு வயசான மனுஷரைப் போகவிட நமக்கு மனசில்லை.

நான் சைக்கிள் பழகியது இந்தக் கரையில்தான். அப்பாவின் பெரிய சைக்கிள், பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல். அப்பாவுக்கு ஆரல்வாய்மொழியில் ஒரு மில்லில் வேலை. ஆடிக் காற்று எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போகும்போது முதுகில் தள்ளிக்கொண்டு போகும், திரும்பும்போது முகத்தில் அறையும், பெடலை எழுந்து நின்று மிதித்தாலும் சைக்கிள் நகராது. ஷிப்ட் முடிந்து வரும்போது அப்பா மெயின் ரோட்டை விட்டுக் கரைக்கு இறங்கிவிடுவார். தென்னை மறைவில் காற்று கொஞ்சம் அடங்கும். தூரம் கூடுதல்தான், ஆனால் உடம்பு தாங்கும். இப்படி ஒவ்வொருத்தருக்கும் இந்தக் கரைக்கு வர ஒரு காரணம் உண்டு. பொழுதுபோகாமல் யாரும் வரவில்லை.

இப்போது பதில் சொல்ல வருகிறவர்களுக்கு.

"அவசரமா ஆஸ்பத்திரிக்குப் போறவன் என்ன செய்வான்?" அன்றைக்கு அந்தக் காரில் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, அது எல்லாருக்கும் தெரியும். நிஜமாகவே அவசரமென்றால் கண்ணாடியை இறக்கி "பாட்டா, அவசரம், கொஞ்சம் பிடிச்சுக்கிடட்டா" என்று ஒருத்தர் இறங்கிக் கேட்டால் அவரே சைக்கிளைச் சரித்து வழி விடுவார். நம்ம ஊரில் ஆஸ்பத்திரி என்று சொல்லி வழி கிடைக்காமல் போனது உண்டா?

"ஞாயித்துக்கிழமை ஹெல்மெட் மாட்டிக்கிட்டு உங்க ஆளுங்க கூட்டமா ரோட்டை அடைச்சுக்கிட்டுப் போறாங்களே?" சிலர் போகிறார்கள். சொன்னால் கேட்பார்கள். பாட்டா ஹெல்மெட் போட்ட கூட்டத்தில் வரவில்லை, அவர் தனியாக மாட்டுக்குப் புல் கொண்டு போனார்.

"மெயின் ரோட்டுல நெரிசல், வேற வழி இல்ல." இதற்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. நெரிசல் எனக்குத் தெரியாதா? பாறையும் ஜல்லியும் ஏற்றிக் கேரளாவுக்குப் போகிற டாரஸ் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக வருவதை நான் பார்க்காதவளா? அந்த லாரிக் காற்றே சைக்கிளை உள்ளே இழுக்கும். அந்தப் பயத்தில்தான் சைக்கிள்காரர்கள் ரோட்டை விட்டே போய்விட்டார்கள், மிச்சம் இருந்தது கரை மட்டும். கார் உள்ளவரின் நெரிசலுக்குக் கரை வேண்டுமாம். அப்படியானால் அதே ரோட்டிலிருந்து ஏற்கெனவே விரட்டப்பட்டவர் இனி எங்கே போவார், வயலுக்குள்ளா? லாரியைக் கேள்வி கேட்க யாருக்கும் தைரியமில்லை, சைக்கிள்காரரைக் கேட்க எல்லாருக்கும் தைரியம் இருக்கிறது.

என் சொந்தக்காரப் பையன் ஒருத்தன் ஹாலந்தில் வேலை பார்க்கிறான். கால்வாய்க் கரையில் சைக்கிளில் போகிற படமாகப் போடுவான், நம்ம ஆட்கள் விழுந்து விழுந்து லைக் போடுவார்கள். அங்கே சில தெருக்களில் "கார் இங்கே விருந்தாளி" என்று போர்டே வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து "செம" என்று எழுதின அதே ஆள் பாட்டா வீடியோவுக்குக் கீழே சிரித்திருக்கிறார்.

அங்கே இருக்கிற எது இங்கே இல்லை? அவர்கள் ஊர் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் படை கொண்டு வந்து, 1741-ல் குளச்சலில் தோற்று, பிறகு தன்னைத் தோற்கடித்த திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்த டிலனாயின் கல்லறை நம்ம உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. 1777-ல் இறந்தவர். கூரை போன ஒரு சிற்றாலயம், அதற்குள் கல், கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து. விடியற்காலையில் சைக்கிளில் போய், கோட்டை திறந்ததும் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்று பாருங்கள், நான் இவ்வளவு பேசுவதற்குக் காரணம் புரியும். அங்கேயிருந்து பத்மநாபபுரம் பக்கம்தான். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம், இன்றைக்கும் கோட்டை மதிலுக்குள்ளே ஜனங்கள் குடியிருக்கிற ஊர். (அரண்மனைக்குத் திங்கட்கிழமை போகாதீர்கள், பூட்டியிருக்கும்.) கிழக்கே போனால் வட்டக்கோட்டை, மதில் கடலுக்குள்ளேயே இறங்கி நிற்கும், மேலே ஏறினால் ஒரு பக்கம் அலை, ஒரு பக்கம் காற்றாலை. ஒரு பைசா பெட்ரோல் இல்லாமல், ஒருத்தர் தூக்கத்தையும் கெடுக்காமல் இதையெல்லாம் பார்த்துவிட்டு வரலாம். சானல் கரையும் வயல் ரோடும் இருக்கிறவரைதான் வரலாம். படகு போவதற்காக 1860-ல் வெட்டத் தொடங்கின ஏ.வி.எம். கால்வாய் இன்றைக்கு எப்படிக் கிடக்கிறது என்று மண்டைக்காட்டுப் பக்கம் போய்ப் பாருங்கள். ஆகாயத்தாமரையும் குப்பையும்தான். அதுவும் ஒரே நாளில் கெட்டுப்போகவில்லை, யாருக்கும் அது வேண்டியதாக இல்லாமல் போனது, அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் சித்தி முறை ஆகிறவர் பந்தியில் எல்லார் முன்னாலும் கேட்டார், "வீட்டுல கார் நிக்குல்லா, பின்ன எதுக்குட்டி பொம்பளப்பிள்ள இப்படி சைக்கிள்ல அலையுத?" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தேன். அந்தச் சிரிப்பும் வீடியோவுக்குக் கீழே வந்த சிரிப்பும் ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது. சைக்கிள் என்றால் வக்கில்லாதவர்கள் ஓட்டுவது. வக்கில்லாதவர்கள் ஒதுங்க வேண்டும். ஒதுங்காவிட்டால் சானலில் விழ வேண்டும். எங்கள் அப்பா அந்தச் சைக்கிளை மிதித்துத்தான் எங்கள் மூன்று பேரையும் படிக்க வைத்தார். அவர் யாரிடமும் ஒதுங்கி நிற்கவில்லை, யாரும் அவரை ஒதுங்கச் சொல்லவும் இல்லை. எதிரே வருகிறவர்கள் இறங்கி நின்று "அண்ணாச்சி, ஷிப்ட் முடிஞ்சுதா" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

"அப்போ நீ கார்ல போறதே இல்லையா" என்று கேட்பீர்கள். போகிறேன். மெயின் ரோட்டில் போகிறேன். நேரம் கூட ஆகிறது, ஆகட்டும்.

கரையின் ரெண்டு முனையிலும் கல் நட்டு, வயல்காரர்களின் டிராக்டருக்கு மட்டும் திறக்கிற மாதிரி ஒரு கேட் வைக்கச் சொல்லி மனு எழுதியிருக்கிறேன். கரையோரத்தில் வீடு இருக்கிறவர்கள் அவர்கள் காரும் வண்டியும் எப்படிப் போவது என்று கேட்டிருக்கிறார்கள், அது நியாயமான கேள்வி, அவர்களோடு உட்கார்ந்து பேசாமல் மனுவைக் கொடுக்க மாட்டேன். கையெழுத்துப் போட நினைக்கிறவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், நானே வீட்டுக்குக் கொண்டு வருகிறேன்.

கடைசியாக, அந்த மூன்று கமெண்டில் ஒன்றை எழுதினவர் என்னோடு பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு வரிசையில் படித்தவர். பெயர் போடவில்லை, உனக்கே தெரியும். என்னோடு சண்டை போட வேண்டுமென்றால் போன் பண்ணு மக்கா, நம்பர் மாறவில்லை. அதற்கு முன்னால் அந்தக் கமெண்டை எடுத்துவிடு. பாட்டாவின் பேத்தி அந்தக் குரூப்பில் இருக்கிறாள், எல்லாவற்றையும் வாசித்திருக்கிறாள்.