ஃபைன் கட்டியாச்சுல்ல, அப்புறம் என்ன?

வெளிநாடு போக விண்ணப்பிக்கிற ஃபாரத்தில் 'உன் மேல் வழக்கு உண்டா' என்ற கேள்விக்கு என்ன போடுவது என்று ஒரு பையன் கேட்க, ஒரு விசா கன்சல்டன்ட் லைவில் பதில் சொன்னார். அந்த லைவைப் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. பார்க்காதவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

"ஜெயிலுக்கா போன? ஃபைன்தானே கட்டின? 'நோ' போட்டுட்டுப் போயிட்டே இரு தம்பி, பிசிசி கிளீனா வரும்." கன்சல்டன்ட் சார் சொன்னது இவ்வளவுதான். (பிசிசி என்றால் போலீஸ் தரும் நன்னடத்தைச் சான்றிதழ்.) கேட்ட பையன் மேல் அப்படி ஒன்றும் பெரிய வழக்கு இல்லை. கல்லூரி நாளில் ராத்திரி பீச்சில் நண்பர்களோடு கத்திக்கொண்டிருந்ததற்கு சிட்டி போலீஸ் ஆக்ட் 75, பெட்டி கேஸ். நான் கீழே ஒரே ஒரு வரி எழுதினேன்: "தம்பி, 'நோ' போடாதே, உள்ளதைச் சொல்லிவிடு." அதற்குத்தான் அத்தனை சிரிப்பு எமோஜி. "பிழைக்கத் தெரியாத அண்ணன்" என்று ஒருவர். "இவரே தண்ணி கேஸ்ல மாட்டினவர்தான், அட்வைஸ் பண்றார்" என்று இன்னொருவர்.

ஆமாம், மாட்டினவன்தான். மாட்டினவனுக்குத்தானே அந்த ஃபாரம் எப்படிக் கடிக்கும் என்று தெரியும்?

திரும்பவும் சொல்கிறேன், ஃபைன் கட்டுவதும் தண்டனைதான். மாஜிஸ்திரேட் முன்னால் நின்று "ஒத்துக்கறேன் ஐயா" என்று சொல்லி ஃபைன் கட்டினால், நீ தண்டிக்கப்பட்டவன். கனடா ஃபாரம் உன்னிடம் ஜெயிலுக்குப் போனாயா என்று கேட்பதில்லை. எந்த நாட்டிலாவது குற்றவாளி என்று தீர்ப்பாகியிருக்கிறதா, வழக்கு நடக்கிறதா என்று கேட்கிறது. அமெரிக்க ஃபாரம் இன்னும் மோசம், கைதானாயா என்பதிலேயே ஆரம்பிக்கும், மன்னிப்பு கிடைத்திருந்தாலும் சொல் என்று அதிலேயே எழுதியிருக்கும். பிசிசி சுத்தமாக வருவது வேறு, கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்வது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பித்தான் இங்கே பல பேர் கல்லா கட்டுகிறார்கள்.

என் கதையைத்தான் ஊரே பேசுகிறதே, நானே சொல்லிவிடுகிறேன். 2012 ஜனவரி. ஆபீஸ் நண்பனுக்கு ஃபேர்வெல், ஓஎம்ஆரில் பைக்கில் திரும்பும்போது ஊதச் சொன்னார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 185. வண்டியை வாங்கி வைத்துக்கொண்டார்கள், கோர்ட்டில் 2000 ரூபாய் கட்டினேன், மூன்றாம் நாள் வண்டி வந்துவிட்டது. மெஷின் துப்பிய சீட்டை ஆர்சி புக் கவரில் செருகி வைத்தேன், அத்தோடு மறந்தும் போனேன்.

2019-ல் என் மனைவிக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரியில், அதாவது மார்க் போட்டு ஆள் எடுக்கும் கனடா குடியேற்றத் திட்டத்தில், ஐடிஏ என்கிற விண்ணப்பிக்கும் அழைப்பு வந்தது. அவள் நர்ஸ். ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வை இரண்டு தடவை எழுதி, நைட் டியூட்டி முடித்த கண்ணோடு படித்து வாங்கிய அழைப்பு. 60 நாளில் எல்லாப் பேப்பரும் ஏற்ற வேண்டும். அந்தக் கேள்வியில் வந்து நின்றோம்.

அன்றைக்குத்தான் எனக்கு இந்தக் கணக்கே புரிந்தது. இங்கே என்ன தண்டனை கொடுத்தார்கள் என்று அவர்கள் பார்ப்பதில்லை. இதே காரியத்தைக் கனடாவில் செய்திருந்தால் அங்கே என்ன குற்றம் என்று பார்க்கிறார்கள். அங்கே குடித்துவிட்டு ஓட்டுவதைச் சின்ன வழக்காகவும் நடத்தலாம், பெரிய வழக்காகவும் நடத்தலாம். அப்படி இரண்டுங்கெட்டானாக இருந்தால் குடியேற்றத்துறை பெரியது என்றே எடுத்துக்கொள்ளும். இன்னொன்று, நான் கூடப் போகவில்லை என்றாலும் என்னால் அவள் ஃபைல் விழும். பிரிந்து வாழ்கிறோம் என்றால்தான் விதிவிலக்கு. மாமியார் ரொம்ப சாந்தமாக, "அப்போ நீங்க மட்டும் அப்புறமா வந்தா ஆகாதா மாப்ளே?" என்று கேட்டார். ஆகாது அத்தை, பிரிந்தால்தான் ஆகும் என்று அவரிடம் நான் எப்படிச் சொல்வேன்?

இங்கேதான் அந்தச் சீட்டு. நம் ஊர் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால், கனடாவில் 80. எனக்கு அறுபது சொச்சம் வந்ததாக ஞாபகம். அது எழுத்தில் இருந்தால் அங்கே அது குற்றமே இல்லை என்று வாதாடலாம். ஆர்சி புக் கவரைப் பிரித்தேன். தெர்மல் பேப்பர். ஏழு வருஷத்தில் வெள்ளை வெளேர் என்று ஆகியிருந்தது. ஜன்னல் பக்கம், டியூப் லைட், டார்ச் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஓரத்தில் இரண்டு கோடு மட்டும் தெரிந்தது. கோர்ட்டில் காப்பி அப்ளிகேஷன் போட்டால், பெட்டி கேஸ் கட்டெல்லாம் அழித்தாயிற்று என்றார்கள். சரி, அழித்தாயிற்று என்பதையாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டு, அந்த ஒரு கடிதம் கைக்கு வர ஐந்து மாதம். 60 நாள் எப்போதோ முடிந்திருந்தது.

அப்புறம் ரிஹாபிலிடேஷனுக்கு, அதாவது திருந்தியவன் என்று என்னை ஏற்றுக்கொள்ளச் சொல்லி கனடாவிடம் விண்ணப்பம், அப்போது 200 கனடிய டாலர். கூடவே, நான் திருந்திவிட்டேன் என்று நாலு பேரிடம் கடிதம். பதில் வருவதற்குள் கொரோனா வந்தது, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான டிராவையே, அதாவது மார்க் பார்த்து அழைப்பு அனுப்பும் சுற்றையே, நிறுத்தினார்கள். 2022 ஜூலையில் திரும்ப ஆரம்பித்தபோது கட்-ஆஃப் 557. இதற்கு நடுவே அவளுடைய ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் 5 மார்க் குறைந்துகொண்டே வந்தது. கேக் வெட்டும்போது நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம்.

கடைசியில் என்னைக் காப்பாற்றியது காலண்டர்தான். ஃபைன் கட்டிய தேதியிலிருந்து 10 வருஷம் வேறு வழக்கு இல்லாமல் ஓடிவிட்டால், அப்படிப்பட்ட ஒரே ஒரு குற்றத்துக்கு 'திருந்திவிட்டவர்' என்று அவர்கள் சட்டமே எடுத்துக்கொள்ளும். 2022 ஜனவரியோடு நான் சட்டப்படி திருந்தினேன். சொந்தக்காரர்கள் கணக்கில் இன்னும் திருந்தவில்லை, அது வேறு. 2023 ஜூனில் மருத்துவத் துறைக்கென்று தனி டிரா ஆரம்பித்தார்கள், அந்த வருஷமே அவளுக்குத் திரும்ப ஐடிஏ வந்தது. ஆக, உண்மையைச் சொன்னதற்கு நான் கொடுத்த விலை நாலு வருஷம். "பாத்தீங்களா, சொல்லாம இருந்திருந்தா 2020-லயே போயிருப்பீங்க" என்பீர்கள். போயிருக்கலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் தன் வழக்குக்குக் கனடா ஃபாரத்தில் 'நோ' போட்டார். முன்பு எப்போதோ அமெரிக்க டூரிஸ்ட் விசாவுக்கு அதே வழக்கை ஒழுங்காகச் சொல்லியிருக்கிறார், பாவம். இரண்டு நாடும் குடியேற்றத் தகவலைப் பகிர்ந்துகொள்கின்றன. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, அப்புறம் பொய்த் தகவல் என்று 5 வருஷத் தடை. எது லாபம் என்று லைவில் அந்தக் கன்சல்டன்ட் சாரையே கேளுங்கள். அமெரிக்காவிடம் பொய் சொல்லி மாட்டினால் தடைக்கு வருஷக் கணக்கே கிடையாது, ஆயுசுக்கும்.

"குடிச்சிட்டு ஓட்டினவனுக்கு இது வேணும்" என்று எழுதியவர்களுக்கு. சரிதான். அன்றைக்கு யாராவது குறுக்கே வந்திருந்தால் நான் இந்தப் பதிவு எழுதும் நிலையில் இருந்திருக்க மாட்டேன், அது எனக்குத் தெரியும், உங்களைவிட நன்றாகவே தெரியும். ஆனால் தண்டனை எனக்கா, என் மனைவிக்கா? அவள் எந்த வண்டியை ஓட்டினாள்? நியாயம் பேசுகிற உங்களில் எத்தனை பேர் கல்யாண வரவேற்பு முடிந்து காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு வீடு சேர்ந்தவர்கள் என்று நான் லிஸ்ட் போடட்டுமா? வேண்டாம், விடுங்கள். ஊதியவன் மாட்டினான், ஊதாதவன் உத்தமன்.

அந்த 75 விஷயமே எனக்கு வேறு மாதிரி எரிகிறது. மாசக் கடைசியில் கணக்குக் காட்ட யாரைப் பிடிப்பார்கள் என்று தெரியாதா? ஹவுசிங் போர்டு வாசலில் நிற்கிற பையனைத்தான். பங்களா கேட்டில் நிற்கிறவனை யாரும் ஏறிட்டுக்கூடப் பார்ப்பதில்லை. ஒத்துக்கொண்டால் ஃபைன், மறுத்தால் வாய்தா வாய்தாவாகப் பத்து நாள் கூலி போகும். எவன் மறுப்பான்? கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்கு ஓடுவான். பத்து வருஷம் கழித்து ஒரு ஃபாரம் வந்து "நீ குற்றவாளியா?" என்று கேட்கும்.

ஆனாலும் தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று நினைத்துத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். உன் கேஸ் என் கேஸ் மாதிரி இல்லை. அங்கே சம்மரி குற்றம், அதாவது சின்ன வழக்காக மட்டுமே நடத்தக்கூடிய குற்றம், என்ற அளவில் வருகிற ஒரே ஒரு வழக்கு உன்னைத் தடுக்காது, அப்படி இரண்டு இருந்தால்தான் பிரச்சினை. ஒன்றும் ஆகாத விஷயத்தை மறைத்து, அதைப் பொய் சொன்ன குற்றமாக மாற்றிக்கொள்ளாதே. ஃபைன் ரசீது இருந்தால் இன்றைக்கே செராக்ஸ் எடு. லைசென்ஸ் வாங்கின வழக்கறிஞரையோ ஆர்சிஐசி (கனடாவில் உரிமம் பெற்ற குடியேற்ற ஆலோசகர்) ஆளையோ பிடித்து எழுத்தில் பதில் வாங்கு. 185 வைத்திருப்பவர்கள் இன்னும் கவனம். 2018 டிசம்பர் 18 அன்றோ அதற்குப் பிறகோ நடந்தது என்றால் கனடாவில் அது 10 வருஷம் வரை சிறை கொடுக்கக்கூடிய குற்றம். என்னை மாதிரி காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது, தானாகத் திருந்த மாட்டீர்கள், தண்டனை முடிந்து 5 வருஷம் கழித்து விண்ணப்பம் போட்டுத்தான் திருந்த வேண்டும்.

"தண்ணி கேஸ்" என்று எழுதினவருக்கு ஒன்று. நீங்கள் லைவில் போட்டு உடைக்கும் வரை, என் வழக்கு விவரம் குடும்பத்துக்கு வெளியே மொத்தமே நாலு பேருக்குத்தான் தெரியும், நான் திருந்திவிட்டேன் என்று கடிதம் எழுதிக் கொடுத்த நாலு பேருக்கு. அந்தக் கடிதத்தின் காப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. உங்கள் கையெழுத்து நன்றாகவே தெரிகிறது சார், அது தெர்மல் பேப்பர் இல்லை.