தூபா பிள்ளைகளுடன் நடந்தது யார்?

இஸ்ரேல் ஆக்கிரமித்துள்ள பாலஸ்தீன மேற்குக் கரையில், ஹெப்ரான் நகருக்குத் தெற்கே, தூபா கிராமத்துப் பிள்ளைகளைப் பக்கத்து ஊரான அத்துவானியின் பள்ளிக்கு எப்போதுமே வெளிநாட்டுத் தன்னார்வலர்கள்தான் அழைத்துப் போனார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். பாதிதான் சரி. 2004-இல் தொடங்கியது அப்படித்தான். ஆனால் முகமூடி அணிந்த இஸ்ரேலியக் குடியேறிகள் (அந்த நிலத்தில் வந்து குடியமர்ந்தவர்கள்) அந்தத் தன்னார்வலர்களையே அடித்துக் காயப்படுத்திய பிறகு, இஸ்ரேல் நாடாளுமன்றக் குழு தலையிட, பிள்ளைகளுக்குத் துணை போகும் பொறுப்பு ராணுவத்துக்குப் போனது. (ஆக்கிரமித்த ராணுவமே காவல், பாருங்கள்!)

அப்புறம் தன்னார்வலர்களுக்குப் பெரும்பாலும் காத்திருப்பதே வேலையாக இருந்தது. ராணுவ ஜீப் நேரத்துக்கு வந்ததா, பாதி வழியில் திரும்பியதா என்று குறித்து வைத்தார்கள். வராவிட்டால் ராணுவத்துக்குப் போன் போட்டு நச்சரித்தார்கள். மற்ற நேரத்தில் கேமராவோடு ஆடு மேய்ப்பவர்களுடன் மலையில் நடந்தார்கள்.