காமன் கோர் வழக்கமான பெருக்கல் முறையைக் கைவிடவில்லை
அமெரிக்காவின் காமன் கோர் பாடத் தரங்கள் வழக்கமான பெருக்கல் முறையை நீக்கிவிட்டுக் எண்களைப் பத்துகளாகவும் ஒன்றுகளாகவும் பிரித்துக் கட்டம் போட்டுப் பெருக்குவதை மட்டுமே கற்பிக்கின்றன என்று சிலர் கூறுவது சரியன்று. 2010இல் வெளியான அத்தரங்களின்படி, 4ஆம் வகுப்பில் இடமதிப்பையும் கட்டப் படத்தையும் கொண்டு பெருக்கப் பழகும் மாணவர்கள், 5ஆம் வகுப்பில் வழக்கமான முறையிலேயே பல இலக்க எண்களைத் தடுமாறாமல் பெருக்க வேண்டும்.

உண்மையில் இரண்டும் ஒரே கணக்குதான். 47ஐ 36ஆல் பெருக்கும்போது, 40ஐயும் 7ஐயும் 6ஆல் பெருக்கிக் கட்டங்களில் வரும் 240உம் 42உம் சேர்ந்ததே வழக்கமான முறையில் முதல் வரியின் 282. அவற்றையே 30ஆல் பெருக்கி வரும் 1200உம் 210உம் சேர்ந்ததே இரண்டாம் வரியின் 1410. இதை உணராமல், ‘ஓரிடம் தள்ளி எழுது’ என்பதை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை, தள்ள மறந்து 141 என எழுதி 423 என்று விடை காணும்போது, 40ஐ 30ஆல் பெருக்கினாலே 1200 வருமே என்ற ஐயம்கூட அதற்கு எழுவதில்லை. எனக்குக் கவலை தருவது இதுவே.